கணக்கு மென்பொருள் தேர்வு: டெமோவில் எல்லாமே ஓடுகிறது, எதை வைத்து முடிவெடுப்பது?

#1 · ஏட்டுப்புள்ளி

வணக்கம். மொத்த வியாபார நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாதம் சுமார் 400 விற்பனை பில், 1,200 சரக்கு வகை, 2 கிடங்கு, ஒரு அயல்நாணயத்தில் கொள்முதல். கணக்குப் பிரிவில் 3 பேர். இப்போது பில் ஒரு மென்பொருளில், பேரேடு எக்செலில். மாதக் கடைசியில் இரண்டையும் பொருத்திப் பார்ப்பதிலேயே நாட்கள் போகின்றன.

3 மென்பொருளைப் பொறுக்கி வைத்து, மூன்றின் டெமோவும் பார்த்தாயிற்று. 140 வரி கொண்ட வசதிப் பட்டியலை அனுப்பி நிரப்பித் தரச் சொன்னோம். மூவருமே அநேகமாக எல்லா வரியிலும் "உண்டு" என்று எழுதிவிட்டார்கள். மதிப்பெண் போட்டால் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் 4 மதிப்பெண்தான் வித்தியாசம். வேறு எப்படி ஒப்பிடுவது?

#2 · பற்றுவரவு

அந்த வசதிப் பட்டியலை ஓரமாக வையுங்கள். "கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட முடியுமா?" என்று கேட்டால் எந்த விற்பனையாளரும் முடியாது என்று சொல்லப்போவதில்லை. கணக்கு முடித்து மூடிய மாதத்துப் பில்லுக்கு அடுத்த மாதம் கிரெடிட் நோட் போட்டால் அது எந்த மாத லாபத்தில் இறங்குகிறது, சரக்கு எந்த விலையில் திரும்ப ஏறுகிறது, வரி பழைய விகிதத்தில் போகிறதா புதிய விகிதத்திலா என்று கேளுங்கள். இதற்கு "உண்டு" என்று எழுதித் தப்பிக்க முடியாது. செய்து காட்டத்தான் வேண்டும்.

ஆகவே ஒரு சோதனைப் பொதி தயார் செய்யுங்கள். கடந்த 12 மாதங்களில் எந்த மாதத்தை மூட அதிகம் திண்டாடினீர்களோ, அதிலிருந்து 25 முதல் 30 நடவடிக்கைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கணக்கில் எவ்வளவு விழ வேண்டும் என்ற விடையைக் கையால் போட்டுவைத்த பிறகே மென்பொருளைத் திறக்க வேண்டும். அது காட்டியதைப் பார்த்துவிட்டு "சரியாகத்தான் இருக்கும்" என்று தலையாட்டுவது சோதனை ஆகாது. மூன்றிலும் அதே பொதி, அதே வரிசை.

பொதியில் எது இல்லாவிட்டாலும் இவை இருக்கட்டும்.

முன்பணம்: வாடிக்கையாளர் 50,000 முன்பணம் தருகிறார். பிறகு 18,000, 20,000, 30,000 என 3 பில். முதல் இரண்டுக்கு மட்டும் முன்பணத்தைக் கழியுங்கள். ஏஜிங் ரிப்போர்ட்டில் 12,000 முன்பணம் தனியாகவும், 30,000 பாக்கி அதன் தேதிப்படியும் தெரிய வேண்டும். சில மென்பொருள்கள் தாமாகவே இரண்டையும் கழித்து 18,000 என்று காட்டிவிடும். யார் எத்தனை நாள் பாக்கி என்ற கேள்விக்கே அப்புறம் சரியான பதில் கிடைக்காது.

திரும்பிய காசோலை: வரவு வைத்த காசோலை வங்கியில் திரும்பினால் பழைய பில் பழைய கெடு தேதியோடு மறுபடி திறக்க வேண்டும். திரும்பிய நாளில் புதுப் பாக்கியாக ஏற்றினால், 95 நாள் பாக்கி ஒரே நாளில் 1 நாள் பாக்கி ஆகிவிடும்.

அயல்நாணயம்: 1,000 அலகு கொள்முதல். பில் நாளில் விகிதம் 80, மாத முடிவில் 82, பணம் கட்டிய நாளில் 81. ஏட்டில் 80,000 கடன். மாத முடிவில் 2,000 ஏட்டளவு நஷ்டம். கட்டியது 81,000. மொத்த நஷ்டம் 1,000தான். மாத முடிவுப் பதிவை மென்பொருள் அடுத்த மாதம் திருப்பிப் போடாமல், கட்டும்போது நஷ்டத்தை 80லிருந்து கணக்கிட்டால் மொத்தம் 3,000 நஷ்டம் காட்டும். இதைக் கண்டுபிடிக்க சப்ளையர் லெட்ஜரைத் திறந்தாலே போதும்: அயல்நாணயப் பத்தியில் பூஜ்யம், உள்நாட்டு நாணயப் பத்தியில் 2,000 மிச்சம் என்று தொங்கும்.

இன்னொன்று. ஐ.எஃப்.ஆர்.எஸ். (சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள்) முறையில் கணக்கு வைப்பவராக இருந்தால், சரக்குக்காகச் சப்ளையருக்கு முன்கூட்டிக் கொடுத்த அயல்நாணய முன்பணத்தை மாத முடிவு விகிதத்தில் மறுமதிப்பிடக் கூடாது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐ.எஃப்.ஆர்.ஐ.சி. 22 என்ற அதன் விளக்க விதி சொல்வது, முன்பணம் கொடுத்த நாளின் விகிதமே அந்தச் சரக்கின் விலைக்கும் நிற்கும் என்பது. கட்ட வேண்டிய கடனை மட்டும் மறுமதிப்பிட்டு, முன்பணத்தை விட்டுவைக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். சப்ளையர் லெட்ஜரில் உள்ள மொத்தத்தையும் ஒரே அடியாக மாற்றும் மென்பொருள்கள் நிறைய.

#3 · கிடங்குக்கணக்கு

1,200 சரக்கு வகை, 2 கிடங்கு என்றால் உங்கள் தலைவலி பேரேட்டில் தொடங்காது, ஸ்டாக்கில் தொடங்கும். நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: கடந்த மாதம் கடைசித் தேதியின் ஸ்டாக் மதிப்பை இன்று எடுக்க முடியுமா, அது அதே தேதியின் டிரயல் பேலன்சில் (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புப் பட்டியல்) உள்ள சரக்கிருப்புக் கணக்கோடு காசு பிசகாமல் ஒத்துப்போகிறதா? பல மென்பொருள்கள் இன்றைய இருப்பை மட்டும் தரும். பழைய தேதி கேட்டால் அந்நாளின் எண்ணிக்கையை இன்றைய விலையால் பெருக்கித் தரும். அப்படி வரும் தொகை எந்த லெட்ஜரோடும் ஒத்துப்போகாது.

அடுத்தது மைனஸ் ஸ்டாக். கொள்முதல் பில் ஏறுவதற்கு முன்பே சரக்கு விற்றுவிடுகிறது. 5 எண்ணம் விற்கும்போது இருப்பு பூஜ்யம். அடக்கவிலை (விற்ற சரக்கு நமக்கு அடங்கிய விலை) எதை எடுக்கும்? பூஜ்யமா, கடைசி விலையா? பிறகு முன் தேதியிட்டு 120 விலையில் கொள்முதல் ஏற்றினால் அந்த 5 எண்ணத்துக்கும் அடக்கவிலை திருத்தப்படுமா? திருத்தினால் ஏற்கெனவே மூடிய மாதத்தின் லாபம் மாறும். திருத்தாவிட்டால் ஸ்டாக்கும் பேரேடும் பிரியும். ஒழுங்கான மென்பொருள் இரண்டில் ஒன்று செய்யும்: மைனஸ் ஸ்டாக்கையே மறுக்கும், அல்லது வித்தியாசத்தை நடப்பு மாதத்தில் தனிக் கணக்கில் வெளிப்படையாகக் காட்டும். சத்தமில்லாமல் பழைய மாதத்தை மாற்றுவதை மட்டும் ஏற்காதீர்கள்.

வண்டிக்கூலி, சுங்கம் போன்றவை தாமதமாக வருவதையும் சோதியுங்கள். 100 எண்ணம், தலா 50, ஆக 5,000. வண்டிக்கூலி பில் 600 பிறகு வருகிறது, அதற்குள் 40 விற்றுவிட்டது. எண்ணத்துக்கு 6. விற்ற 40க்கு 240 அடக்கவிலையில் சேர வேண்டும், மீதி 60க்கு 360 ஸ்டாக்கில் ஏற வேண்டும். 600ஐயும் மிச்சமிருக்கும் 60 எண்ணத்தின் தலையில் கட்டி, தலா 60 என்று காட்டினால் உங்கள் ஸ்டாக் 240 வீங்கியிருக்கிறது, லாபமும் 240 வீங்கியிருக்கிறது.

பெட்டி, எண்ணம் மாற்றமும் அப்படித்தான். 12 எண்ணம் ஒரு பெட்டி, பெட்டி 100. ஓர் எண்ணம் 8.33. பன்னிரண்டையும் சில்லறையாக விற்றால் 99.96தான் கழியும். இருப்பில் எண்ணிக்கை பூஜ்யம், மதிப்பு 0.04. ஒரு சரக்கில் இது ஒன்றுமில்லை. 1,200 வகையில் வருடம் முழுக்கச் சேர்ந்தால் பூஜ்ய இருப்புள்ள சரக்குகள் மதிப்போடு நிற்கும் பட்டியலே பக்கக்கணக்கில் வரும். எண்ணிக்கை பூஜ்யமானதும் மிச்ச மதிப்பையும் அடக்கவிலைக்குத் தள்ளிவிடுகிறதா என்று பாருங்கள்.

சரக்குக்கு விலை போடும் முறையைப் பொறுத்தவரை, சரக்கிருப்புக்கான சர்வதேசக் கணக்குத் தரநிலையான ஐ.ஏ.எஸ். 2 முதலில் வந்தது முதலில் போவது, நிறை சராசரி இரண்டையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் போவதை ஏற்பதில்லை. நீங்கள் இப்போது எந்த முறையில் வைக்கிறீர்களோ அதே முறை புதியதிலும் இருக்க வேண்டும். மாற்றினால் தொடக்க இருப்பின் மதிப்பே மாறும்.

#4 · ஏட்டுப்புள்ளி

மிக்க நன்றி. வண்டிக்கூலி விஷயத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஒரு சந்தேகம். ஒரு டெமோவில் 0.01 வித்தியாசம் இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒன்று பில்லின் வரித்தொகையில், இன்னொன்று டிரயல் பேலன்ஸ் அடியில். கேட்டதற்கு "இரண்டுமே ரவுண்டிங்தான், அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, அதில் தள்ளிவிடலாம்" என்றார்கள். இதற்குக் கவலைப்பட வேண்டுமா?

#5 · தசமப்புள்ளி

முதலாவதுக்குக் கவலை வேண்டாம். இரண்டாவதுக்குக் கட்டாயம் கவலைப்பட வேண்டும்.

பில்லில் வருவது இயல்பு. பில்லில் 3 வரிசை, ஒவ்வொன்றும் 33.35, வரி 5%. ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக வரி கணக்கிட்டால் 1.6675, அதை 1.67 ஆக்கினால் மூன்றுக்கும் 5.01. மொத்தம் 100.05க்கு ஒரே தடவை கணக்கிட்டால் 5.0025, அதாவது 5.00. எந்த முறை என்பதை வரிச் சட்டமோ நிறுவனக் கொள்கையோ சொல்லும். மென்பொருளில் அதைத் தேர்வு செய்ய இடமிருந்து, எல்லாப் பில்லுக்கும் ஒரே மாதிரி நடந்தால் போதும்.

டிரயல் பேலன்ஸ் வேறு கதை. ஒவ்வொரு பதிவிலும் பற்றும் வரவும் சமமாக இருந்தால் மொத்தத்தில் 0.01 வரவே முடியாது. வந்தால், சமமில்லாத பதிவு ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது, அல்லது தொகையைப் பைனரி மிதவைப் புள்ளி முறையில் சேமிக்கிறார்கள். அந்த முறையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், காரணம் 0.1ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுதவே முடியாது. பணத்தைத் தசம வகையில்தான் சேமிக்க வேண்டும். "தொகையை டேட்டாபேசில் எந்த வகையில் வைக்கிறீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

கையோடு இந்த 3 சோதனைகளையும் செய்யுங்கள்.

பற்று 100.00, வரவு 99.99 என்று ஒரு பதிவு போட்டுப் பாருங்கள். திரையில் மறுக்கும். அதையே எக்செல் இம்போர்ட் வழியாக அனுப்புங்கள். திரையில் இருக்கும் காவல் இம்போர்ட் வாசலில் இல்லாத மென்பொருள்கள் உண்டு. ஏ.பி.ஐ. (வேறு மென்பொருள் நேரடியாகத் தரவு அனுப்பும் வாசல்) இருந்தால் அதிலும்.

20 வரிசை கொண்ட பில்லைச் சேமிக்கும் அந்த நொடியில் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள். பிறகு உள்ளே போய்ப் பார்த்தால் பில் முழுதாக இருக்க வேண்டும், அல்லது சுவடே இருக்கக் கூடாது. பில் இருக்கிறது லெட்ஜரில் இல்லை, ஸ்டாக் கழிந்திருக்கிறது பில் இல்லை என்றால் அதோடு அந்த மென்பொருளை விட்டுவிடலாம்.

ஒரே பில்லை ஏ.பி.ஐ. வழியாக இரண்டு தடவை அனுப்புங்கள். இணைப்பு அறுந்து மறுபடி அனுப்பப்படுவது அன்றாடம் நடப்பது. இரண்டாவதை அது அடையாளம் கண்டு விலக்க வேண்டும்.

அயல்நாணயம் இருப்பதால் தசம இடங்களையும் பாருங்கள். ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லை, குவைத் தினாருக்கு 3 இடம். எல்லாவற்றுக்கும் 2 என்று உள்ளே கட்டிவைத்திருந்தால் பிசகும். சரக்கின் ஒற்றை விலைக்கு 4 இடமாவது வேண்டும்.

#6 · தணிக்கைப்பார்வை

மேலே சொன்னவை எல்லாம் கணக்கு சரியாக வருகிறதா என்பது. சரியாக வந்த கணக்கு அப்படியே நிற்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மென்பொருள் எதையெல்லாம் செய்ய விடுகிறது என்று பார்ப்பதைவிட, எதைச் செய்ய விடாது என்று பார்ப்பதில்தான் தேர்வு இருக்கிறது.

ஒரு மாதத்தைப் பூட்டுங்கள். டிரயல் பேலன்சை அச்செடுத்து வையுங்கள். இப்போது அதை மாற்ற எத்தனை வழி உண்டோ அத்தனையையும் முயலுங்கள். அந்த மாதப் பில்லைத் திருத்துவதை எல்லா மென்பொருளும் தடுக்கும். ஓட்டை இருப்பது பக்கவாட்டில்: நடப்பு மாதப் பில்லின் தேதியைப் பின்னுக்குத் தள்ளுவது, வாடிக்கையாளரின் தொடக்க இருப்பை மாற்றுவது, நாணய விகித அட்டவணையில் பழைய தேதி விகிதத்தைத் திருத்துவது, ஒரு லெட்ஜரை வேறு தலைப்பின் கீழ் நகர்த்துவது, இரண்டு லெட்ஜர்களை ஒன்றாக்குவது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் டிரயல் பேலன்சை மறுபடி எடுத்து அச்சோடு ஒப்பிடுங்கள். லெட்ஜர் தலைப்பு மாற்றம் டிரயல் பேலன்சில் தெரியாது, பேலன்ஸ் ஷீட்டிலும் லாப நஷ்டக் கணக்கிலும்தான் தெரியும். அவற்றையும் எடுங்கள்.

பழைய பில்லின் மறு அச்சும் அப்படியே. வாடிக்கையாளர் முகவரியை இன்று மாற்றி, 6 மாதத்துக்கு முந்தைய பில்லை மறுபடி அச்செடுத்தால் பழைய முகவரிதான் வர வேண்டும். புதிய முகவரி வந்தால், பில்லைப் பில்லாகச் சேமிக்காமல் ஒவ்வொரு தடவையும் மாஸ்டரிலிருந்து (அடிப்படை விவரப் பட்டியல்) கட்டுகிறது என்று அர்த்தம்.

மாற்றப் பதிவேட்டில் யார், எப்போது, பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன என்ற நான்கும் வேண்டும். "திருத்தப்பட்டது" என்ற ஒற்றைச் சொல் எதற்கும் உதவாது. அட்மின் அதை நிறுத்தி வைக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். முடிந்தால் அந்தப் பதிவேடு சாட்சியாகாது.

உரிமைகளில் ஒன்றே ஒன்றைக் கறாராகப் பாருங்கள்: சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுபவரும், அவருக்குப் பணம் அனுப்ப ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பணம் களவு போகும் பழகிய வழி அது. எண் மாறினால் இரண்டாவது ஆள் ஒப்புக்கொள்ளும்வரை அந்தச் சப்ளையருக்குப் பணம் போகாமல் நிற்க வேண்டும்.

யூசர் எண்ணிக்கையில் சிக்கனம் பார்க்காதீர்கள். 3 பேருக்கு ஒரே லாகின் என்றால் மேலே சொன்ன பதிவேட்டில் எல்லாமே ஒரே பெயரில் விழும். ஆடிட்டருக்குப் பார்வை உரிமை மட்டும் தரும் யூசரையும் விலையில் சேர்த்துக் கேளுங்கள்.

#7 · எளியவழி

3 பேர் வேலை செய்யும் இடத்துக்கு இவ்வளவு பூட்டு தேவையா என்று யோசிக்க வேண்டும். தவறான லெட்ஜரில் ஒரு செலவு விழுந்துவிட்டால் திறந்து திருத்திவிட்டுப் போவதுதான் வேகம். எதிர்ப்பதிவு, மறுபதிவு என்று போனால் லெட்ஜர் முழுக்கத் திருத்தங்களாக நிறையும், படிக்கவே முடியாது.

#8 · தணிக்கைப்பார்வை

மூடாத மாதத்தில் நீங்கள் சொல்வது சரி. அங்கே திறந்து திருத்துங்கள், பதிவேட்டில் பழைய மதிப்பு நின்றால் போதும். மூடிய மாதம் அப்படியல்ல. அந்த எண்கள் ஏற்கெனவே வரி அறிக்கையிலோ வங்கிக்குக் கொடுத்த அறிக்கையிலோ போயிருக்கும். திருத்தினால் கையில் இருக்கும் ஏடும் வெளியே போன அறிக்கையும் வேறு வேறாகிவிடும், எந்தப் பதிவால் வேறானது என்று தேடுவது திருத்தியதைப்போல் பத்து மடங்கு வேலை.

ஆள் குறைவு என்பதால் பூட்டு தேவையில்லை என்பதையும் ஏற்க முடியவில்லை. 3 பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்க ஆள் இல்லை. அங்கேதான் மென்பொருளின் காவல் கூடுதலாகத் தேவை. இரண்டு நிலைப் பூட்டு கிடைத்தால் எடுங்கள்: மாத முடிவில் கணக்குப் பிரிவுக்குப் பூட்டு, தலைமைக் கணக்காளர் காரணம் எழுதித் திறக்கலாம். அறிக்கை வெளியே போனதும் யாராலும் திறக்க முடியாத பூட்டு.

#9 · எளியவழி

இரண்டு நிலைப் பூட்டு எனக்கும் சம்மதம். அது இருந்தால் என் ஆட்சேபணை இல்லை.

#10 · வங்கிப்பட்டியல்

வங்கிச் சரிகட்டலை (ஏட்டையும் வங்கி அறிக்கையையும் பொருத்திப் பார்ப்பது) யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

வங்கி அறிக்கையை எந்த வடிவில் எடுக்கும் என்று கேளுங்கள். சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) எல்லா மென்பொருளும் எடுக்கும். எம்.டி. 940, கேம்ட் 053 என்ற வங்கி அறிக்கை வடிவங்களை நேரடியாக எடுத்தால் பத்தி பொருத்தும் வேலை மிச்சம்.

ஒரே கோப்பை இரண்டு தடவை ஏற்றுங்கள். பிறகு 1 முதல் 20 தேதி வரை ஒரு கோப்பு, 15 முதல் 31 வரை இன்னொரு கோப்பு. நடுவில் உள்ள 6 நாட்கள் இரட்டிக்கக் கூடாது. ஆனால் அதே நாளில், அதே தொகைக்கு, உண்மையாகவே 3 தடவை பணம் எடுத்திருக்கலாம். தேதியும் தொகையும் ஒன்றாக இருந்தாலே இரட்டை என்று தூக்கிப்போடும் மென்பொருளில் அந்த மூன்றில் இரண்டு காணாமல் போகும். இந்த இரண்டு சோதனையையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்றில் தேறுவது மற்றதில் தோற்பது அடிக்கடி பார்க்கக்கூடியது.

ஒரு வரவுக்கு 7 பில், ஒரு பில்லுக்கு 3 வரவு என்ற இரண்டு வகைப் பொருத்தமும் வேண்டும். வங்கி கட்டணம் பிடித்துக்கொண்டு 1,000க்கு 985 வரவு வைத்தால் 15ஐக் கட்டணத்தில் தள்ளிப் பில்லை முழுதாக மூடும் வழி அந்தத் திரையிலேயே இருக்க வேண்டும்.

#11 · ஏட்டுப்புள்ளி

பழைய தரவை எப்படிக் கொண்டுபோவது? 5 வருடப் பதிவுகளையும் ஏற்றித் தருகிறோம் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொன்று, எங்கள் வாடிக்கையாளர் பெயர்களும் சரக்குப் பெயர்களும் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றன. டெமோவில் ஆங்கிலப் பெயர்களை வைத்துத்தான் காட்டினார்கள்.

#12 · பற்றுவரவு

5 வருடப் பதிவுகளை ஏற்றாதீர்கள். பழைய ஏட்டின் பிழைகளும் சேர்ந்தே வரும், அவற்றைச் சரிபார்க்க ஆள் கிடையாது. ஒப்பீட்டுக்கு முந்தைய 12 அல்லது 24 மாதங்களின் மாத முடிவு இருப்புகள் மட்டும் போதும். பழைய மென்பொருளைத் திறந்து பார்க்கும் நிலையில் வைத்திருங்கள், சட்டம் சொல்லும் காலம் வரை.

மாற்றும் நாள் நிதியாண்டின் முதல் நாளாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு மாதத்தின் முதல் நாள். தொடக்க இருப்பை இப்படி ஏற்றுங்கள். வாடிக்கையாளர், சப்ளையர் பாக்கியை ஒற்றைத் தொகையாக ஏற்றாமல் கட்டப்படாத பில் ஒவ்வொன்றையும் எண், தேதி, கெடு தேதியோடு ஏற்ற வேண்டும். ஒற்றைத் தொகையாக ஏற்றினால் ஏஜிங் ரிப்போர்ட் முதல் நாளிலேயே செத்துவிடும். முன்பணங்கள் தனி. ஸ்டாக் கிடங்குவாரியாக, எண்ணிக்கையோடு விலையும் சேர்த்து. நிலைச்சொத்துகளுக்கு வாங்கிய விலையும் இதுவரை கழித்த தேய்மானமும் தனித்தனி எண்களாக, நிகர மதிப்பாக மட்டும் வேண்டாம். கொடுத்து வங்கியில் இன்னும் கழியாத காசோலைகள் ஒவ்வொன்றாக.

இவை எல்லாவற்றுக்கும் எதிர்ப்பக்கம் ஒரே அனாமத்துக் கணக்கு (தற்காலிக இடைக்கணக்கு). பில் வாரியாக வந்தது, கிடங்கு வாரியாக வந்தது, பேரேட்டிலிருந்து வந்தது எல்லாம் ஏறி முடிந்ததும் அந்த அனாமத்துக் கணக்கு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த அடி வைக்காதீர்கள், "பிறகு பார்க்கலாம்" என்று விட்ட தொகை வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

எக்செலில் இரண்டு பொறிகள். 00457 என்ற குறியீடு 457 ஆகிவிடும், அதனால் குறியீட்டுப் பத்தியைத் திறப்பதற்கு முன்பே உரை வடிவமாக்குங்கள். 03/04 என்ற தேதி ஒரு கணினியில் ஏப்ரல் 3, இன்னொன்றில் மார்ச் 4. 12க்கு மேற்பட்ட நாட்கள் புரளாது, 12 வரை உள்ளவை மட்டும் புரளும், அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. வருடம் முதலில் வரும்படி 4 இலக்கத்தில் எழுதி ஏற்றுங்கள்.

பழையது, புதியது இரண்டிலும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டுங்கள், அந்த மாதத்தை மூடிப் பார்ப்பதும் சேர்த்து. அதற்கு மேல் நீட்டினால் இரட்டை வேலையில் ஆட்கள் களைத்து, ஒன்றில் பதிந்து மற்றதில் விட்டுவிடுவார்கள். பிறகு வரும் வித்தியாசம் மென்பொருளுடையதா மறதியுடையதா என்றே சொல்ல முடியாது.

#13 · தசமப்புள்ளி

தமிழ்ப் பெயர்களுக்கு 4 இடத்தில் பாருங்கள்.

ஏற்றும்போது: சி.எஸ்.வி. கோப்பை யு.டி.எஃப். 8 (தமிழ் எழுத்தையும் ஏற்கும் குறியீட்டு முறை) வடிவில் சேமிக்காவிட்டால் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாகும். ஒருமுறை கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் மீட்க வழியில்லை.

அச்சில்: திரையில் அழகாகத் தெரிவது பி.டி.எஃப். பில்லில் உடையும். "கொ", "கை", "கெ" உள்ள பெயர்களை வைத்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த பி.டி.எஃப். கருவிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை.

தேடலில்: இதுதான் கண்ணுக்குத் தெரியாதது. "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் இரண்டையும் ஒன்றாக்காமல் சேமிக்கும் மென்பொருளுக்கு அவை இரண்டு பெயர்கள். வேறு வேறு விசைப்பலகை பயன்படுத்தும் இருவர் தட்டினால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு லெட்ஜர் உருவாகும். ஒரே பெயரை இரண்டு விதமாகவும் ஏற்றி, தேடினால் இரண்டும் வருகிறதா என்று பாருங்கள்.

நீளத்தில்: பெயருக்கு 30 இடம் என்று சொல்லி அதை எழுத்தில் எண்ணாமல் பைட்டில் எண்ணினால், யு.டி.எஃப். 8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 10 குறிகளோடு பெயர் அறுந்துவிடும்.

#14 · தணிக்கைப்பார்வை

வெளியேறும் வழியைப் பற்றி இப்போதே பேசிவிடுங்கள், ஒப்பந்தம் போட்ட பிறகு பேரம் பேச இடமிருக்காது.

முழுத் தரவையும் எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லுங்கள். பி.டி.எஃப். கட்டு வேண்டாம். ஒவ்வொரு பதிவின் ஒவ்வொரு வரியும், பதிவு எண், தேதி, லெட்ஜர், பற்று, வரவு, பதிந்தவர் என்று அட்டவணையாக வர வேண்டும். அதை எக்செலில் பிவட் (லெட்ஜர்வாரியாகத் தொகுக்கும் வசதி) போட்டு டிரயல் பேலன்ஸ் கட்டுங்கள். மென்பொருள் காட்டும் டிரயல் பேலன்சோடு ஒத்துப்போனால் எக்ஸ்போர்ட் முழுமையானது. இணைப்பு ஆவணங்கள் பதிவு எண்ணோடு கட்டப்பட்டு வருகின்றனவா என்பதையும் பாருங்கள். வெறும் படக்கோப்புக் குவியலாக வந்தால் எது எந்தப் பில்லுக்கு என்று தெரியாது. சந்தா நின்ற பிறகு எத்தனை நாள் தரவு கிடைக்கும், அழிக்கும் முன் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

கிளவுட் என்றால் இரண்டு எண்களைக் கேளுங்கள்: விபத்து நடந்தால் அதிகபட்சம் எத்தனை மணி நேரப் பதிவுகள் போகலாம், எத்தனை மணி நேரத்தில் மறுபடி ஓடும். எஸ்.ஓ.சி. அறிக்கை (சேவை தரும் நிறுவனத்தின் கட்டுப்பாடுகளைப் பற்றி வெளித் தணிக்கையாளர் தருவது) காட்டினால் எது என்று பாருங்கள். நிதி அறிக்கையைப் பாதிக்கும் கட்டுப்பாடுகளைப் பற்றியது எஸ்.ஓ.சி. 1. பாதுகாப்பு, கிடைக்கும் தன்மை போன்றவற்றைப் பற்றியது எஸ்.ஓ.சி. 2. இரண்டிலும் இரண்டு வகை உண்டு. முதல் வகை (டைப் 1) ஒரு குறிப்பிட்ட நாளின் நிலையைச் சொல்வது. இரண்டாம் வகை (டைப் 2) ஒரு காலகட்டம் முழுக்கக் கட்டுப்பாடுகள் வேலை செய்தனவா என்று சொல்வது. கேட்க வேண்டியது இரண்டாம் வகை.

சொந்த சர்வர் என்றால் பேக்கப் எடுப்பதைக் காட்டினால் போதாது, அதை வேறொரு கணினியில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

விலையை 5 வருடத்துக்குக் கூட்டுங்கள். நிறுவும் செலவு, பயிற்சி, யூசர், கூடுதல் நிறுவனம், சேமிப்பிடம், வங்கி இணைப்பு, வரி விதி மாற்றங்களுக்கான அப்டேட். வருடாந்தர உயர்வுக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்பது முதல் வருடத் தள்ளுபடியைவிட முக்கியம்.

#15 · தினப்பதிவு

ஒண்ணு விட்டுட்டீங்க. என்ட்ரி போடப்போற ஆளை உட்கார வெச்சுப் பாருங்க. டெமோ காட்டுறவர் கை வேகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பத்துப் பில்லை அவங்களே போடட்டும், கடிகாரம் வெச்சு எடுங்க. முதல் நாள் இல்ல, மூணாவது நாள் எடுங்க, அதுக்குள்ள கை பழகியிருக்கும். பில்லுக்கு ஒரு நிமிஷம் கூடினாலும் 400 பில்லுக்கு மாசம் 6 மணி 40 நிமிஷம்.

மவுசைத் தொடாம ஒரு பில்லை முடிக்க முடியுதா? புது சரக்கு வந்தா பாதிப் பில்லுல நிறுத்தாம அங்கேயே மாஸ்டர் சேர்க்க முடியுதா? பாதி போட்ட பில்லை டிராஃப்டா வெச்சுட்டு அடுத்த பில்லுக்குப் போக முடியுதா? டிராஃப்டுக்குப் பில் நம்பர் விழக் கூடாது, அதையும் பாருங்க. விழுந்துட்டு அப்புறம் அழிச்சா நடுவுல நம்பர் விட்டுப்போகும், ஆடிட்ல கேப்பாங்க.

#16 · ஏட்டுப்புள்ளி

எல்லோருக்கும் நன்றி. 140 வரிப் பட்டியலை விட்டுவிட்டோம். கழித்துக்கட்டும் நிபந்தனைகள் 6 வைத்திருக்கிறோம். இவற்றில் ஒன்றில் தவறினாலும் மதிப்பெண்ணே கிடையாது: சமமில்லாத பதிவை எந்த வாசலிலும் மறுப்பது, பாதிச் சேமிப்பு நடக்காதது, மாதப் பூட்டு பக்கவாட்டில் ஓட்டையில்லாமல் இருப்பது, பழைய தேதியின் ஸ்டாக் பேரேட்டோடு ஒத்துப்போவது, அயல்நாணய லெட்ஜரில் மிச்சம் தொங்காதது, முழு எக்ஸ்போர்ட். தாண்டியவற்றை என்ட்ரி நேரம், ரிப்போர்ட், 5 வருட விலை ஆகியவற்றில் ஒப்பிடுவோம்.

பொதியில் 28 நடவடிக்கை. ஒன்றின் விடையை மட்டும் சரிபார்த்துத் தர முடியுமா? முதலில் வந்தது முதலில் போவது முறை. 60 எண்ணம் 50 விலையில், பிறகு 40 எண்ணம் 56 விலையில் கொள்முதல். ஒரே பில்லில் 70 விற்பனை. அதில் 15 திரும்பி வருகிறது. இறுதி இருப்பு 45 எண்ணம். மதிப்பு 45 × 56 = 2,520 என்று எழுதியிருக்கிறோம்.

#17 · கிடங்குக்கணக்கு

நிபந்தனைகள் சரி. இந்த விடை சரியில்லை.

விற்ற 70இல் 60 எண்ணம் 50 விலை, 10 எண்ணம்தான் 56 விலை. அடக்கவிலை 3,000 + 560 = 3,560. கையில் மிச்சம் 30 × 56 = 1,680. திரும்பி வந்த 15ஐயும் 56இல் ஏற்றினால் 840 ஸ்டாக்குக்குத் திரும்பும், அடக்கவிலை 2,720 ஆகும். நிகரமாக விற்றது 55 எண்ணம். 2,720ஐ 55ஆல் வகுத்தால் 49.45. நீங்கள் 50க்குக் குறைந்து எதையுமே வாங்கவில்லையே.

சரியான விடை இரண்டில் ஒன்று. கடைசியில் போனது முதலில் திரும்புகிறது என்று கொண்டால் 10 × 56 + 5 × 50 = 810. இருப்பு 2,490, அடக்கவிலை 2,750, அதாவது 55 × 50, ஆரம்பத்திலேயே 55 மட்டும் விற்றிருந்தால் வந்திருக்கும் தொகை. அந்தப் பில்லின் சராசரி அடக்கவிலையில் திருப்பினால் 3,560 ÷ 70 × 15 = 762.86. இருப்பு 2,442.86, அடக்கவிலை 2,797.14. இரண்டு வழியிலும் இருப்பும் அடக்கவிலையும் கூட்டினால் கொள்முதல் 5,240 வரும். உங்கள் விடையிலும் 5,240 வருகிறது, அதனால்தான் கூட்டிப் பார்த்தால் பிழை தெரியவில்லை.

பொதியில் இரண்டு விடைகளையும் எழுதிவையுங்கள். மென்பொருள் எதைத் தருகிறது என்று குறித்துக்கொண்டு, அதே திரும்புதலை எக்செல் இம்போர்ட் வழியாகவும் ஒருமுறை போடுங்கள். திரையில் ஒரு முறையும் இம்போர்ட்டில் 2,520உம் வந்தால் ஸ்டாக் நிபந்தனையில் அது தவறியதாகவே எழுதிவிடலாம்.

#18 · ஏட்டுப்புள்ளி

திருத்திவிட்டோம். மற்ற 27 விடைகளையும் இப்படி ஓர் எண்ணத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தபின்தான் திங்கட்கிழமை முதல் மென்பொருளைத் திறக்கப்போகிறோம்.